தழும்பு இருந்த இடம்

அத்தியாயம் 11

வள்ளிமயிலுக்கு அந்த நாற்காலியைப் பிடிக்கவில்லை.

சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. மகள் செல்வமாரி கோவில்பட்டியில் வாங்கி, பஸ்ஸில் ஏற்றி அனுப்பியது. ஆபரேஷனுக்குப் பிறகு குத்தவைத்து உட்காரக் கூடாது என்று திருநெல்வேலியில் டாக்டரம்மா சொல்லியிருந்தார். நாற்காலி வந்த நாளிலிருந்து மருமகள் பிரேமா அதைச் சுற்றித்தான் கூட்டிப் பெருக்கினாள். ஒருநாளும் நகர்த்திப் போட்டுக் கூட்டவில்லை.

இன்று காலையிலும் அப்படித்தான். விளக்குமாறு நாற்காலியின் கால்களில் தட்டித் தட்டிப் போனது.

"முத்துத்தாய் சித்தி பத்தாம் நாளே களையெடுக்க வந்தாவ. அவியளுக்கும் இதே கல்லுதான்" என்றாள் பிரேமா, தரையிடம் சொல்வதுபோல.

 அதற்குச் சொல்லக்கூடிய ஒரே பதிலைத்தான் வீட்டில் யாரும் பிரேமாவிடம் சொல்லாமல் வைத்திருந்தார்கள்.

வள்ளிமயிலுக்கு வந்தது பித்தப்பைக் கல் இல்லை. அடி இறங்கியிருந்தது; கர்ப்பப்பை கீழே சரிந்து வந்திருந்தது. பத்து வருடத்துக்கு மேல். முதலில் சாயங்காலமானால் கீழே ஒரு கனம். பிறகு இருமினால், குனிந்தால், பந்து போல ஒன்று வெளியே வந்து நிற்கும். பழைய சேலைத் துணியை மடித்து அமுக்கிக் கட்டிக்கொண்டு பருத்தி எடுத்தாள், குடம் தூக்கினாள், மகனுக்குக் கல்யாணம் செய்து வைத்தாள். கொடியின் ஓரத்தில் யாருக்கும் தெரியாமல் காய்ந்த அந்தத் துணியைப் பார்த்துக் கேள்வி கேட்டது செல்வமாரிதான். ரத்தப் பரிசோதனை செய்யும் இடத்தில் அவளுக்கு வேலை. கறை எதுவென்று தெரியும்.

பெரிய கத்தி வைக்கவில்லை. வயிற்றில் நாலு சின்னத் துளை. ஒன்றின் வழியே கேமரா உள்ளே போனது. இறங்கிய கர்ப்பப்பையை எடுக்காமல், வலை போன்ற ஒரு நாடாவைக் கொண்டு மேலே இழுத்து, முதுகெலும்பின் அடியில் இருக்கும் எலும்போடு கட்டினார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வெளியே காயம் சின்னது, உள்ளே நடந்த வேலை பெரியது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். நாடாவைச் சுற்றிச் சதை வளர்ந்து பிடிக்க மூன்று மாதம் ஆகும். அதுவரை ஒரு செம்புத் தண்ணீருக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. தூக்கினால் கட்டியது விட்டுப்போகும். இரண்டாம் முறை கட்டுவது லேசான காரியம் இல்லை.

கல் என்று சொல்லிவிடலாம் என்பது செல்வமாரியின் யோசனை. அதுவும் துளை போட்டுச் செய்கிற ஆபரேஷன்தான், தழும்பும் சின்னதாகத்தான் இருக்கும், யாருக்குத் தெரியப்போகிறது என்றாள். வள்ளிமயிலின் கணவர் இசக்கிபாண்டிக்கு அதைக் கேட்டதும் மூச்சு வந்தது. லோடு ஆட்டோ ஓட்டுகிற மகன் செல்வகணேஷிடம் கல் என்றே சொன்னார். மகனிடம் வேறு என்ன சொல்ல முடியும் என்று மனைவியிடம் கேட்டார். மகனுக்குத் தெரியாததை மருமகளுக்குச் சொல்வதெப்படி?

பொய் நல்ல பொய்தான். ஆனால் இந்தத் தெருவில் போன வருடம் முத்துத்தாய்க்கு உண்மையாகவே கல் எடுத்திருந்தார்கள். பத்தாம் நாள் அவள் களைக்கொத்தோடு புஞ்சையில் இருந்தாள். ஊர் இப்போது வள்ளிமயிலை அவளை வைத்து அளந்தது.

*

மூன்று நாள் மழை பெய்து விட்டிருந்தது. உளுந்துக்கு மேலே புல் எழும்பி நின்றது. இன்று இவர்கள் புஞ்சையில் களையெடுப்பு.

இந்த ஊரில் களையெடுப்பு ஆளுக்கு ஆள். இன்று என் புஞ்சைக்கு நீ, நாளை உன் புஞ்சைக்கு நான். கூலி கிடையாது. புஞ்சைக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். நாலு வாரமாக வள்ளிமயிலுக்குப் பதிலாக எல்லாப் புஞ்சைக்கும் பிரேமாதான் போய்வந்தாள். பள்ளிக்கூடம் போகிற மூத்த மகளையும், எட்டு மாதக் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு.

இசக்கிபாண்டி உரம் வாங்கும் வரிசையில் நிற்கக் கோவில்பட்டிக்குக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, வள்ளிமயிலிடம் நீ புஞ்சைப் பக்கம் போகாதே என்றார். ஏன் என்று கேட்க பிரேமா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் அதற்குள் தெருவில் இறங்கியிருந்தார்.

பிறகு முத்துத்தாய் வந்தாள். இசக்கிபாண்டிக்கு ஒன்றுவிட்ட தங்கை. தலையில் துண்டு, கையில் கொத்து.

"என்ன மதினி, கல்லு இன்னும் கரையலையா?"

"எடுத்தாச்சுட்டி. அசதிதான் போகமாட்டேங்குது."

வள்ளிமயில் எழுந்து, அவிழ்ந்திருந்த முந்தானையை இழுத்துச் செருகினாள். அந்த ஒரு நொடியில் முத்துத்தாய் வயிற்றைப் பார்த்துவிட்டாள். பார்த்தது மட்டுமில்லை, தன் சேலையை ஒதுக்கித் தன் தழும்பைக் காட்டினாள்.

"எனக்குப் பாருங்க, நெஞ்சுக்குழிக்குக் கீழ ஒண்ணு, வலது விலாப் பக்கம் ரெண்டு. உங்களுக்கு எல்லாம் தொப்புளுக்குக் கீழயே கெடக்கு."

"வேற டாக்டரு. வேற வழியா எடுத்திருப்பாவ."

"எந்த வழியா எடுத்தாலும் பித்தப்பை ஒரு எடத்துலதான மதினி இருக்கும்."

வள்ளிமயில் நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தாள். முத்துத்தாய் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் சேலையைச் சரிசெய்துகொண்டே இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போனாள்.

பிரேமா குழந்தையோடு வந்து நின்றாள். பால் கொடுக்க வேண்டும், அதனால் பிள்ளையைப் புஞ்சைக்குக் கொண்டுபோகிறேன், வேப்பமரத்தில் தொட்டில் கட்டிவிடுகிறேன், நீங்கள் பக்கத்தில் நின்று ஆட்டினால் போதும் என்றாள். அதற்குமா முடியாது என்று கேட்கவில்லை. முகம் கேட்டது.

வள்ளிமயில் செருப்பைத் தேடினாள்.

*

கரிசல் ஈரமாக இருந்தால் நடக்கிறவரை விடாது. ஒவ்வொரு அடிக்கும் செருப்பின் அடியில் மண் ஒட்டி, கால் கனத்துக்கொண்டே போனது. வள்ளிமயில் இரண்டு இடத்தில் நின்று குச்சியால் மண்ணைச் சுரண்டிவிட்டாள். முன்னால் பிரேமா ஒரு இடுப்பில் பிள்ளையும் மறு இடுப்பில் தண்ணீர்க் குடமுமாகப் போனாள்.

வழியில் பிரேமாவுக்கு இருமல் வந்தது. அவள் நின்றாள். குடத்தைக் கீழே வைத்தாள். இரண்டு காலையும் பின்னி இறுக்கிக்கொண்டு, பிறகுதான் இருமினாள். இருமி முடித்து, கொஞ்சம் நின்று, குடத்தை எடுத்தாள்.

பின்னால் வந்த வள்ளிமயில் அதைப் பார்த்தாள்.

அப்படி நிற்பது எதற்கென்று அவளுக்குத் தெரியும். இந்தப் பாதையில், இதே மாதிரி, அவள் எத்தனையோ முறை நின்று இருமியிருக்கிறாள். கேட்க வாயெடுத்தாள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று பிரேமா திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது? வாயை மூடிக்கொண்டாள்.

புஞ்சையில் ஆறு பெண்கள் வரிசையாகக் குந்தி நகர்ந்தார்கள். வயதில் மூத்தவள் சொர்ணத்தாய். அவள் பேசுவது குறைவு, கொத்து மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். வள்ளிமயில் வேப்பமரத்தடியில் நின்று சேலைத் தொட்டிலை ஆட்டினாள். நின்றபடியே இருந்ததில் இடுப்பு கடுத்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கையூன்ற வேண்டும் என்று உட்காரவில்லை.

வெயில் ஏறியபோது குழந்தை விழித்து அழுதது.

வள்ளிமயில் வேகமாக ஆட்டினாள். நாக்கைத் தட்டிச் சத்தம் போட்டாள். குழந்தை இரண்டு கையையும் அவளைப் பார்த்து நீட்டியது. எட்டு கிலோ இருக்கும் என்று போன தடுப்பூசியின்போது சொல்லியிருந்தார்கள். வள்ளிமயில் குனியவில்லை. தொட்டிலின் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அழுகை ஏறியது. ஒவ்வொரு கொத்தாக நின்றது. ஆறு பேரும் பார்த்தார்கள்.

பிரேமா சேற்றுக் கையோடு வந்தாள். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டாள். குரலை உயர்த்தவில்லை. சோர்ந்துபோன குரல்தான்.

"ரெண்டாவதும் பொட்டப்பிள்ளைன்னுதான தொட மாட்டேங்கிதீங்க. மூத்தவளைத் தரையில விடாம தூக்கிட்டுத் திரிஞ்சீங்களே அத்தே. இவ என்ன செஞ்சா உங்களுக்கு?"

வள்ளிமயிலுக்கு அது புதிதாக இருந்தது. சோம்பேறி என்று நினைக்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் எண்ணியிருந்தாள். அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்திருந்தாள். இது அவள் நினைத்துப் பார்க்காதது.

"அப்படியில்லம்மா" என்றாள். 

வரிசையின் கடைசியிலிருந்து யாரோ தண்ணீர் கேட்டார்கள். குடம் காலியாகியிருந்தது. பிரேமா பால் கொடுத்து, பிள்ளையைச் சொர்ணத்தாய் மடியில் விட்டுவிட்டு, அந்தக் குடத்தையும் வரிசையில் ஒருத்தி கொண்டுவந்திருந்த காலிக் குடத்தையும் எடுத்துக்கொண்டு ரோட்டோரத் தொட்டியை நோக்கி நடந்தாள். ஒரு குடத்தையாவது என்னிடம் கொடு என்று சொல்ல முடியாத வள்ளிமயில், வெறுங்கையோடு பின்னாலேயே போனாள்.

*

பஞ்சாயத்துத் தொட்டியின் குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. முதல் குடம் நிறைய நெடுநேரம் ஆனது. பிரேமா திரும்பிப் பார்க்கவில்லை.

நிறைந்த குடத்தை நகர்த்தி வைத்தபோது மறுபடி இருமல். மறுபடி கால்களைப் பின்னினாள். இந்த முறை கையும் அடிவயிற்றுக்குப் போனது. முகம் சுளித்தது.

இரண்டாவது குடம் நிறைந்தது. பிரேமா ஒன்றை இடுப்பில் வைக்கக் குனிந்தாள். மற்றொன்று தரையில் இருந்தது. வள்ளிமயில் அதைப் பார்த்தாள். அவள் கை தானாக அதன் கழுத்துக்குப் போனது. பத்து வருடம் துணி கட்டித் தூக்கிய கை. ஒரு குடம்தானே. தூக்கிவிட்டால் இவள் முகம் மாறும். பேத்தியைத் தொடாதவள் என்ற பேர் பாதியாவது போகும்.

கை குடத்தின் கழுத்தை இறுக்கியது. அடிவயிற்றில் உள்ளே எங்கோ ஒரு இழுப்பு. லேசாகத்தான். நூல் சுண்டுவதுபோல.

அவள் கையை எடுத்தாள்.

"பிரேமா, அதைக் கீழ வை."

"ஏன்?"

"வைம்மா. சொல்லுதேன்."

பிரேமா வைத்தாள்.

"எனக்குக் கல்லு இல்ல. அடி இறங்கிருந்துச்சு. வெளியவே வந்து நின்னுச்சு. அதைத்தான் உள்ள தூக்கிக் கட்டிருக்காவ. மூணு மாசத்துக்கு ஒண்ணும் தூக்கக் கூடாது. பிள்ளையையும் தூக்கக் கூடாது. தூக்கினா அத்துப்போகும்."

ரோட்டில் ஒரு மினிபஸ் போனது. 

பிரேமாவின் முகத்தில் இரக்கம் வரும் என்று வள்ளிமயில் எதிர்பார்த்திருக்கலாம். கோபம்தான் வந்தது. நாலு வாரமாக நான் பேசின பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பேசியிருப்பேனா, என்னை ஏன் அப்படிப் பேசவிட்டீர்கள் என்று கேட்டாள். 

வள்ளிமயில் வேறொன்று கேட்டாள்.

"உனக்கு எம்புட்டு நாளா?"

பிரேமா குழாயைப் பார்த்தாள். மூடிய பிறகும் அது சொட்டிக்கொண்டிருந்தது.

"இவ பொறந்து மூணாம் மாசத்துல இருந்து" என்றாள். "பொழுது சாஞ்சா என்னவோ கீழ எறங்குற மாதிரி இருக்கு. வெளிய ஒண்ணும் வரலை. இருமினா மட்டும் ஈரமாயிருது."

"என் மகன்ட்ட சொன்னியா?"

"அவியகிட்ட இதை எப்படிச் சொல்ல?"

வள்ளிமயில் தலையை ஆட்டினாள். அந்தக் கேள்வியை அவளும் இசக்கிபாண்டியை நினைத்துக் கேட்டிருக்கிறாள். பதில் கண்டுபிடிக்காமலே வருடங்கள் போயிருந்தன.

ஆரம்பத்திலேயே காட்டினால் ஆபரேஷன் வரைக்கும் போகாமலே பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னாள். இடுப்புக்கு உள்ளே இருக்கும் சதையை இறுக்கி விடுகிற பயிற்சி இருக்கிறதாம். தாங்கிக்கொள்ள உள்ளே வைக்கிற வளையம் இருக்கிறதாம். நீ முன்னாலேயே வந்திருந்தால் என்று டாக்டரம்மா தன்னிடம் சொன்ன இடத்தில் வள்ளிமயில் நிறுத்திக்கொண்டாள்.

இரண்டு குடங்களும் தொட்டியடியில் நின்றன. யாரும் அவற்றைத் தொடவில்லை.

*

வெறுங்கையோடு இருவரும் வரப்பில் வருவதைப் பார்த்து முத்துத்தாய் எழுந்து நின்றாள்.

"தண்ணி எங்க?"

"தொட்டிகிட்ட இருக்கு" என்றாள் வள்ளிமயில்.

"அது அங்க இருந்தா எங்களுக்கு எப்படித் தாகம் அடங்கும்? அவியதான் நாக்காலிக்காரி. நீயாவது தூக்கிட்டு வரலாம்லாட்டி பிரேமா?"

வள்ளிமயிலுக்குக் களைப்பாக இருந்தது. மண் ஒட்டிய காலும், கடுத்த இடுப்பும், நாலு வாரப் பொய்யும். இனி ஒரு பொய்யைத் தேடி எடுக்கத் தெம்பில்லை.

"எனக்கு எடுத்தது கல்லு இல்லட்டி. அடி இறங்கிருந்துச்சு. தூக்கிக் கட்டிருக்கு. நான் குடம் தூக்கக் கூடாது. அவளும் தூக்கக் கூடாது."

கடைசி வார்த்தை வாயிலிருந்து போன பிறகுதான் அவளுக்கே கேட்டது.

வரிசையில் ஒருத்தி பிரேமாவைப் பார்த்தாள். இன்னொருத்தி அதைப் பார்த்துவிட்டுப் புல்லைப் பார்த்தாள். சொர்ணத்தாய் மடியிலிருந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

முத்துத்தாய்தான் முதலில் பேசினாள்.

"அதான பார்த்தேன். உங்க பித்தப்பை மட்டும் எப்படி இம்புட்டுக் கீழ எறங்கிக் கெடக்குன்னு."

யாரோ சிரித்தார்கள். வள்ளிமயிலுக்கும் உதடு அசைந்தது. முத்துத்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குடத்தை எடுக்கத் தானே நடந்தாள். போகிற போக்கில், நாலு வாரமா நாக்காலி நாக்காலின்னு என் வாயில என்னவெல்லாம் வந்துச்சு மதினி, மனசுல வைக்காதீங்க என்றாள்.

சொர்ணத்தாய் வள்ளிமயிலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அந்த டாக்டரம்மா எந்தக் கிழமை இருப்பாவ என்று மட்டும் கேட்டாள். ஏன் கேட்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

பிரேமா சிரிக்கவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு வரப்பில் ஏறி வீட்டைப் பார்த்து நடந்தாள். வரிசையில் ஒருத்தி களைக்கொத்தைப் போட்டுவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்துக்குப் பின்னால் போனதை வள்ளிமயில் பார்த்தாள்.

*

வீட்டு வாசலில்தான் பிரேமாவை எட்டிப் பிடிக்க முடிந்தது.

"தெரியாம வந்துருச்சும்மா."

பிரேமா கதவின் கொண்டியைத் திறந்தபடி நின்றாள்.

"உங்க விசயத்தைச் சொல்ல உங்களுக்குப் பத்து வருசமாச்சு அத்தே. என் விசயத்தைச் சொல்ல ஒரு நிமிசம் ஆகலை."

வள்ளிமயில் உள்ளே போய் அந்தச் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். காலில் ஒட்டிய மண்ணைக் கழுவக்கூட எழவில்லை. அது காய்ந்து, வெடித்து, துண்டு துண்டாகத் தரையில் விழுந்தது. பிரேமா காலையில் கூட்டிய தரை.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. பிரேமா வெளியே வந்தாள். வள்ளிமயிலின் முகத்தைப் பார்க்காமல், பிள்ளையை அவள் மடியில் உட்காரவைத்தாள்.

"தூக்கத்தான கூடாது" என்றாள். "மடியில வச்சுக்கிடலாம்லா?"

வள்ளிமயில் தலையை ஆட்டினாள். பிள்ளை அவள் மூக்குத்தியைப் பிடிக்கக் கையை நீட்டியது. பிரேமா விளக்குமாற்றை எடுத்து வந்தாள். நாற்காலியைச் சுற்றிக் கூட்டாமல், உதிர்ந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

தெருமுனையில் லோடு ஆட்டோவின் சத்தம் கேட்டது. இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். செல்வகணேஷ் பொழுது சாய்ந்த பிறகு வருகிறவன். இந்நேரம் அவன் கோவில்பட்டியில் லோடு ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும். வேப்பமரத்துக்குப் பின்னால் போன அந்த போன் வள்ளிமயிலுக்கு நினைவு வந்தது.

வண்டி வாசலில் வந்து நின்றது. இன்ஜினை அவன் அணைக்கவில்லை.

"பிரேமா" என்று வெளியிலிருந்தே கூப்பிட்டான்.

பிரேமா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தாள். வாசலுக்குப் போகுமுன், மாமியாரின் முகத்தை அன்று முதல்முறையாக நேராகப் பார்த்தாள்.

"நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள். "நீங்க வாயைத் திறக்காதீங்க."